ரத்த வங்கியில் 24 வருடம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

தென்மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் 24 வருடம் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். போன வருடம் ஓய்வு. "ரத்த தானம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று இங்கே எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் நோய், உங்கள் மாத்திரை என்று வரும்போது முகாமில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் சொல்வதுதான் முடிவு. நான் சொல்லும் கணக்குகள் இந்தியாவின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி.

கல்லூரி மாணவர், மதுரை: அக்கா, அடுத்த வாரம் எங்கள் காலேஜில் முகாம். கொடுக்க ஆசைதான். ஆனால் ஊசியை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. உள்ளே என்னதான் நடக்கும்?

தம்பி, உள்ளே போனதும் முதலில் ஒரு படிவம் தருவார்கள். வரிசையில் நிற்கும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துத் தராமல் படித்து நிரப்புங்கள். அப்புறம் எடை, பிரஷர், நாடி. வயது 18 ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது வேண்டும். 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லி எடுக்கலாம், அதற்குக் கீழே 350 மில்லிதான்.

அடுத்தது எனக்குப் பிடித்த வேலை. விரல் நுனியில் குத்தி ஒரே ஒரு சொட்டு எடுத்து, நீலத் தண்ணீர் இருக்கும் கண்ணாடிக் குவளையில் விடுவோம். அது மயில்துத்தக் கரைசல். சொட்டு சிவப்புக் குண்டுமணி போல உருண்டு, பதினைந்து விநாடிக்குள் அடியில் போய் உட்கார்ந்தால் ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறது என்று அர்த்தம். நடுவிலேயே தயங்கி நின்றாலோ மேலே வந்தாலோ குறைவு. இப்போது பல இடங்களில் கையடக்க மெஷின் வந்துவிட்டது, எண்ணையே காட்டிவிடும். எனக்கென்னவோ அந்த நீலத் தண்ணீர் மேல்தான் பாசம்.

பிறகு கட்டில். எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊசி சாதாரண ஊசியைவிடத் தடிமன், கட்டெறும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஒரு விநாடிதான். கையில் ஒரு பந்து கொடுப்பார்கள், அதை அமுக்கி அமுக்கி விட வேண்டும். பக்கத்தில் ஒரு சின்ன மெஷின் பையைத் தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டிருக்கும். பைக்குள் ஏற்கெனவே சிட்ரேட் கலந்த திரவம் இருக்கிறது. அதோடு ரத்தம் நன்றாகக் கலந்தால்தான் உறையாது. 1914-15 வாக்கில் இந்த சிட்ரேட் வித்தையைக் கண்டுபிடிக்கும் வரை, கொடுப்பவரும் வாங்குபவரும் அருகருகே படுத்துத்தான் ரத்தம் மாற்ற வேண்டியிருந்தது. உங்கள் பை நிறையப் பத்து நிமிடம்கூட ஆகாது.

மயக்கம் வருமா என்றால், ஊசியால் வருவதைவிட வெறும் வயிற்றாலும் பயத்தாலும் வருவதுதான் அதிகம். காலையில் நாலு இட்லி சாப்பிடுங்கள். கட்டிலில் ஏறுவதற்கு முன்னால் இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். படுத்திருக்கும்போது காலைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்கித் தளர்த்துங்கள், பிரஷர் இறங்காமல் பார்த்துக்கொள்ளும். முடிந்ததும் பதினைந்து நிமிடம் உட்காராமல் எழுந்து ஓடாதீர்கள். போலீஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பையன், தேக்குக்கட்டை மாதிரி உடம்பு, பஞ்சை எடுத்த உடனே செல்ஃபி எடுக்க எழுந்து நின்றான். அவனைத் தாங்கிப் பிடித்ததில் என் தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது.

இன்னொன்று, முந்தின வேளை பரோட்டா சால்னா, பிரியாணி வேண்டாம். ரத்தத்தை மெஷினில் சுழற்றிப் பிரித்தால் மேலே நிற்கும் பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். எண்ணெய்ச் சாப்பாட்டில் குளித்துவிட்டு வந்தவர்களின் பிளாஸ்மா பால் விட்ட காபி மாதிரி கலங்கி நிற்கும். அதை நோயாளிக்குக் கொடுக்க முடியாமல் ஒதுக்கியிருக்கிறோம்.

தனியார் பள்ளி ஆசிரியை, நாமக்கல்: மூன்று முறை போனேன். மூன்று முறையும் ஹீமோகுளோபின் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவமானமாக இருக்கிறது. இனி போகவே வேண்டாமா?

டீச்சர், எங்கள் மேஜைக்கு வந்து திரும்பிப் போன பெண்களில் பெரும்பாலானவர்கள் இதே காரணத்துக்காகத்தான் போனார்கள். மாதவிலக்கு, பிரசவம், வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுவது, எல்லாம் சேர்ந்து இரும்புச்சத்தைக் கரைத்துவிடும். உங்களைத் திருப்பி அனுப்பியது உங்களைக் காப்பாற்றத்தான். ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் 150 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்புச்சத்து போகும். சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்வதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி என்று ஏன் வைத்தார்கள் என்று புரியும்.

பீட்ரூட் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்பார்கள். அதன் சிவப்பு வெறும் நிறம்தான். கீரை, பயறு வகை, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), ஈரல், மீன் சாப்பிடுங்கள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாக உள்ளே போகும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை விடுங்கள், அது இரும்பைத் தடுக்கும். இதெல்லாம் மெதுவாகத்தான் வேலை செய்யும். எண் பத்துக்குக் கீழே இருந்தால் கீரையை நம்பி உட்காராமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி மாத்திரை வாங்குங்கள், ஏன் குறைகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று முறை குறைவு என்று இலவசமாகத் தெரிந்துகொண்டீர்களே, அதையே ஒரு லாபமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி: கையில் பச்சை குத்தி நாலு மாதம் ஆகிறது. கொடுக்கலாமா?

12 மாதம் ஆக வேண்டும். காது மூக்கு குத்தியவர்களுக்கும் அப்படித்தான். பங்குனி உத்திரத்துக்கு அலகு குத்தியவர்களும் இதில் அடக்கம், பலருக்கு இது தோன்றுவதே இல்லை. அந்த வேல் எத்தனை பேரைக் குத்திவிட்டு வந்ததோ தெரியாது அல்லவா? மாலை போட்டு ஒரு வேளைச் சாப்பாட்டில் இருப்பவர்களும், நோன்பு இருப்பவர்களும் அது முடிந்து வாருங்கள்.

ஐ.டி. ஊழியர், கோவை: என் அம்மாவுக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டு வந்தேன். கையில் பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு மூன்று நாளாகப் பேசவில்லை. "உன்னைப் பெத்து வளத்தது ஊருக்கு ரத்தம் குடுக்கவா" என்கிறார். எப்படிப் புரியவைப்பது?

புள்ளிவிவரம் எதுவும் அம்மாவிடம் எடுபடாது தம்பி. உடம்பில் ஐந்து லிட்டர் இருக்கிறது, ஒரு டம்ளர் சொச்சம்தான் எடுத்தார்கள், நீர்ப்பாகம் ஒன்றிரண்டு நாளில் ஊறிவிடும், அணுக்கள் ஒன்றிரண்டு மாதத்தில் தேறிவிடும் என்றெல்லாம் நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அம்மா கேட்பது அதையில்லை. "என்னைப் பெற்றபோது உனக்கு ரத்தம் ஏற்றினார்களா அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு இல்லாவிட்டாலும் சித்திக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ ஏற்றிய கதை ஒன்று வரும். அந்தத் தலைமுறைப் பெண்களிடம் பிரசவ வார்டுக் கதை இல்லாமல் இருக்காது. அடுத்த முறை அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் வங்கிக்கு வந்து முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, கிளம்பும்போது பிஸ்கட் பாக்கெட்டை என்னிடமிருந்து பிடுங்கி மகனுக்கு ஊட்டிவிட்டார்.

சேலம்: ரத்தம் கொடுத்தால் மாரடைப்பு வராது, புற்றுநோய் வராது, கொழுப்பு கரையும், உடம்பு இளமையாகும் என்று தினமும் ஒரு ஃபார்வர்டு வருகிறது. இதில் எது உண்மை?

இதை ஆறேழு பேர் கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன், அந்த ஃபார்வர்டை அழித்துவிடுங்கள். ரத்தம் கொடுப்பவர்களுக்கு இதய நோய் குறைவு என்று சில ஆய்வுகள் சொன்னது உண்மைதான். ஆனால் ரத்தம் கொடுக்க யாரை அனுமதிக்கிறோம்? பிரஷர் சரியாக இருப்பவர், எடை இருப்பவர், பெரிய நோய் இல்லாதவர். ஆரோக்கியமானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, "பார், இவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள்" என்றால் எப்படி? உடம்பில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. அவர்களுக்கு ரத்தம் எடுப்பதே சிகிச்சை. நம் ஊரில் பெரும்பாலோருக்கு இருக்கும் பிரச்சினை இரும்பு போதாமைதான்.

கொடுப்பவருக்குக் கிடைப்பது என்ன என்றால், பிரஷரும் ஹீமோகுளோபினும் வருடத்துக்கு மூன்று முறை பார்த்தாகிவிடும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதனை நடக்கும். ஏதாவது இருந்தால் கூப்பிட்டு ரகசியமாகச் சொல்லி, சிகிச்சைக்கு வழிகாட்டுவார்கள். எங்கள் வங்கியில் ஒரு ஓட்டுநருக்குப் பிரஷர் 180 என்று காட்டியது, அவருக்கு அதுவரை தெரியவே தெரியாது. ரத்தம் எடுக்காமல் நேராக வெளிநோயாளிப் பிரிவுக்கு அனுப்பினோம். இவ்வளவுதான் லாபம். மீதி எல்லாம் வாங்குபவருக்கு. கொடுப்பவருக்கு லாபம் காட்டித்தான் ரத்தம் கேட்க வேண்டும் என்றால் அதற்குப் பெயர் தானமே இல்லை என்பது என் கட்சி.

விருதுநகர்: எனக்கு ஓ பாசிட்டிவ். தெருவுக்குத் தெரு இருக்கிறது. நெகட்டிவ்காரர்களைத்தானே தேடுவீர்கள்?

தெருவுக்குத் தெரு ஓ பாசிட்டிவ் என்றால் வார்டில் கட்டிலுக்குக் கட்டிலும் ஓ பாசிட்டிவ்தானே? எங்கள் ஃப்ரிட்ஜில் முதலில் காலியாகும் தட்டு அதுதான். நம் பக்கம் நூறில் ஐந்தாறு பேர்தான் நெகட்டிவ். அவர்களை வேறு மாதிரி கையாள வேண்டும். வீட்டில் சேமித்து வைத்த பணம் மாதிரி, கூப்பிட்டால் மட்டும் வரச் சொல்லிப் பட்டியல் வைத்திருப்போம். நீங்கள் தினச்சம்பளம். நீங்கள் வராவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

பெங்களூருவிலிருந்து ஒருவர்: தம்பிக்கு ஓ குரூப் என்றுதான் இத்தனை நாள் நினைத்தோம். இப்போது 'பாம்பே குரூப்' என்கிறார்கள். இது என்ன புதுசாக?

புதுசு இல்லை. 1901-ல் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் குரூப்களைப் பிரித்துச் சொன்னார். அவர் பிறந்த ஜூன் 14-ஐத்தான் உலக ரத்தக் கொடையாளர் நாளாகக் கொண்டாடுகிறோம். 1952-ல் பம்பாயில் டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் அவருடைய குழுவினரும் அந்தப் பட்டியலில் அடங்காத ரத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது.

ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமாக எச் என்று ஒரு பொருள் அணுவின் மேல் இருக்கும். ஓ குரூப்காரர்களிடம் ஏ, பி இருக்காது, எச் நிறைய இருக்கும். பாம்பே குரூப்காரர்களிடம் அந்த எச்-சும் இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் ஓ மாதிரியே தெரியும். ஆனால் சாதாரண ஓ ரத்தத்தைக்கூட அவர்கள் உடம்பு ஏற்காது, இன்னொரு பாம்பே குரூப்காரர்தான் கொடுக்க வேண்டும். நான் ஒரே ஒரு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓ என்று எழுதி வந்த ஒரு நோயாளியின் ரத்தத்தை, வங்கியில் இருந்த ஓ பைகளோடு சேருமா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் போட்டபோது, பைக்குப் பை, குழாய்க்குக் குழாய் தயிர் திரிந்த மாதிரி திரண்டு நின்றது. நான்தான் தப்பு செய்கிறேன் என்று நினைத்து மூன்று முறை கையைக் கழுவிவிட்டுத் திரும்பப் போட்டேன். இந்தியாவில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் என்பார்கள். தம்பியின் உடன்பிறந்தவர்கள் எல்லோரும் உடனே பரிசோதித்துக்கொள்ளுங்கள், வீட்டிலேயே இன்னொருவர் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அரிய குரூப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பர்ஸில் ஒரு சீட்டும் எழுதி வைக்கட்டும்.

சென்னை: நாங்கள் சும்மா கொடுக்கிறோம். நோயாளியிடம் மட்டும் ஏன் காசு வாங்குகிறார்கள்? விற்கிறார்களா?

ரத்தத்துக்கு விலை இல்லை, விற்கக் கூடாது. 1996-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு, காசுக்கு ரத்தம் கொடுப்பவர்களிடம் எடுப்பது 1998 முதல் நின்றது. அதற்கு முன்னால் எந்த மருத்துவமனை வாசலிலும் பீடி பிடித்துக்கொண்டு, அழைப்புக்குக் காத்து நின்றவர்களை என் சீனியர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். வெளுத்துப்போன நகம், இரண்டு கையிலும் தழும்பு.

இப்போது வாங்குவது பை, ஐந்து பரிசோதனை, பிரிக்கும் மெஷின், கரண்ட், ஆள் கூலி எல்லாவற்றுக்குமான பதப்படுத்தும் கட்டணம். அதற்கு அரசு உச்ச வரம்பு வைத்திருக்கிறது. ஒரு பை சிவப்பணுவுக்குத் தனியாரில் 1,550 ரூபாய். இதைத் தவிர வேறு எதுவும் வாங்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மறுபடி கண்டித்துச் சொன்னது. அதிகம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தர மாட்டேன் என்றால் அங்கேயே புரிந்துவிடும்.

தஞ்சாவூர்: அப்பாவுக்கு இதய ஆபரேஷன். வெளியாள் ரத்தம் வேண்டாம், பெற்ற மகன் நானே கொடுக்கிறேன் என்றேன். ரத்த வங்கியில் தயங்குகிறார்கள். சொந்த ரத்தத்தைவிடச் சுத்தமானது எது?

பாசம் புரிகிறது தம்பி. ஆனால் இந்த ஒரு இடத்தில் சொந்தமே ஆபத்து. உங்கள் ரத்தத்தில் வெள்ளையணுக்களும் கொஞ்சம் போகும். அந்நியர் அணு என்றால் அப்பாவின் உடம்பு அடையாளம் கண்டு அழித்துவிடும். மகனுடையது ஏறக்குறையத் தன்னுடையது போலவே இருப்பதால் சில நேரம் விட்டுவிடும். அவை உள்ளே தங்கிப் பெருகி அப்பாவின் உடம்பையே தாக்க ஆரம்பிக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிரோடு விடாது. கதிர்வீச்சு கொடுத்த பை என்றால் இந்தப் பயம் இல்லை, அந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. கணவர் மனைவிக்குக் கொடுப்பதையும், இனிமேல் பிள்ளை பெறும் வயது என்றால் தவிர்ப்போம். மனைவியின் உடம்பில் எதிர்ப்பொருள் உருவானால் பின்னால் குழந்தையைப் பாதிக்கும்.

நீங்கள் கொடுங்கள், அது வேறு யாருடைய அப்பாவுக்காவது போகட்டும். உங்கள் அப்பாவுக்கு முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த பை ஏற்கெனவே ஃப்ரிட்ஜில் இருக்கும். பையின் மேல் பெயர் இருக்காது. எண், குரூப், எடுத்த தேதி, முடியும் தேதி, அவ்வளவுதான் இருக்கும். சாதி கேட்ட ஒருவரிடம் எங்கள் அட்டெண்டர் ஒரு பையைக் கையில் கொடுத்து, "இதுல எங்க எழுதியிருக்குன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நற்பணி மன்றச் செயலாளர், திண்டுக்கல்: எங்கள் மன்றத்தின் சார்பில் ஒவ்வொரு வருடமும் ஒரே நாளில் பெரிய முகாம் நடத்துகிறோம். இந்த முறை ஐநூறு பேரைத் திரட்டத் திட்டம். வாழ்த்துங்கள் அக்கா.

வாழ்த்துகிறேன். கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள்.

ஒரு பையைச் சுழற்றினால் மூன்றாகப் பிரியும். அடியில் சிவப்பணு, நடுவில் தட்டணு (பிளேட்லெட்) இருக்கும் மெல்லிய வெண்படலம், மேலே பிளாஸ்மா. சிவப்பணுவை ஃப்ரிட்ஜில் 42 நாள் வைக்கலாம். பிளாஸ்மாவை உறையவைத்தால் ஒரு வருடம் தாங்கும். தட்டணு 5 நாள்தான். அதையும் ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, 20-24 டிகிரியில் ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல தட்டணுப் பையை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து லேசாகத் திருப்பினால், உள்ளே ஊதுபத்திப் புகை மாதிரி சுழி சுழியாக நெளியும். செத்துவிட்டால் அந்தச் சுழி இருக்காது, வெறும் மஞ்சள் தண்ணீர்.

இப்போது உங்கள் ஐநூறு பேருக்கு வருவோம். ஒரே நாளில் ஐநூறு பை வந்தால் தட்டணு ஆறாம் நாள் வீண். சிவப்பணுவைச் சுற்றுவட்டார வங்கிகளுக்கெல்லாம் பிரித்து அனுப்பியும் மிச்சம் இருக்கும். 42 நாள் முடிந்த பைகளை எரிக்க அனுப்பும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது என் வேலையாக இருந்தது. எழுதும்போது கை கூசும். அதைவிட மோசம் அடுத்து வருவது. அந்த ஐநூறு பேரும் 90 நாளைக்குக் கொடுக்க முடியாது. ஊரில் கொடுக்கக்கூடியவர்கள் எல்லோரும் ஒரே நாளில் கொடுத்துவிட்டதால் இரண்டாம் மாதம் ஃப்ரிட்ஜ் காலி. மே மாதம் கல்லூரிகள் மூடியிருக்கும். முகாம் கிடையாது, விபத்தும் பிரசவமும் மட்டும் லீவு எடுக்காது.

"அவசரம் என்றால் எங்கள் பையன்கள் நடுராத்திரியிலும் ஓடி வருவார்கள்" என்று எல்லா மன்றத்தினரும் சொல்வார்கள். உண்மை, வருவார்கள். ஒரு ராத்திரி பிரசவமான பெண்ணுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. லேபர் வார்டிலிருந்து நர்ஸ் ஓடி வந்தார். இருந்த பைகளைக் கிராஸ் மேட்ச் செய்து ஒவ்வொன்றாகக் கொடுத்தோம், ஆறு பை போனது. வெளியே வராந்தாவில் பதினைந்து இளைஞர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் எடுத்து, குரூப் பார்த்து, ஐந்து நோய்க்கும் பரிசோதித்து, பிரித்து முடிக்க மணிக்கணக்காகும். அதற்குள் அந்தப் பெண் இருக்க மாட்டார். அன்றைக்கு அவரைப் பிழைக்கவைத்தது போன வாரம், போன மாதம், எந்த அவசரமும் இல்லாத ஒரு நாளில் கொடுத்துவிட்டுப் போன ஆறு பேர். அவர்களுக்கு இது தெரியவே தெரியாது. வராந்தாவில் நின்றவர்களில் நான்கு பேரிடம் அன்று எடுத்தேன். மற்றவர்களிடம் தேதி குறித்துக் கொடுத்து அடுத்தடுத்த வாரங்களில் வரச் சொன்னேன். பாதிப் பேர் வந்தார்கள்.

அதனால் ஐநூறு பேரைத் திரட்டுங்கள், ஆனால் மாதம் நாற்பது பேராகப் பிரியுங்கள். மேடை, பேனர், போட்டோவை வருடத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முகாம் தேதியை ரத்த வங்கியைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அவர்களிடம் எத்தனை பை, எத்தனை ஆள், எத்தனை இடம் என்ற கணக்கு இருக்கும்.

கடலூர்: டெங்குவில் மகனுக்குப் பிளேட்லெட் 48,000. சொந்தக்காரர்கள் எல்லோரும் டோனர் தேடி அலைகிறோம். எத்தனை பை வேண்டும்?

முதலில் அலைவதை நிறுத்துங்கள் அண்ணே. ரத்தக்கசிவு எதுவும் இல்லை என்றால் பொதுவாகப் பத்தாயிரத்துக்குக் கீழே போகும் வரை பிளேட்லெட் ஏற்றுவதில்லை. டெங்குவில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் நீர்ச்சத்து ரத்தக்குழாயை விட்டு வெளியேறுவதுதான். அதனால் டாக்டர்கள் அந்த எண்ணோடு சேர்த்துப் பிரஷர், சிறுநீர், வயிற்றுவலி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அவர்கள் கேட்டால் மட்டும் தேடுங்கள். பப்பாளி இலைச் சாற்றைப் பிடிவாதமாகக் குடிக்க வைத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள், வாந்தியில் போகும் நீர் இன்னும் கெடுதல்.

மெஷினில் பிளேட்லெட் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி ஏற்றும் முறையும் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தால் சொல்லுங்கள், சிட்ரேட்டால் வருவது, கால்சியம் மாத்திரை கொடுப்பார்கள். இப்படிக் கொடுத்தவர் 48 மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்கலாம்.

அப்புறம் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். "அவசரம், ஏபி நெகட்டிவ் தேவை" என்று பகிரும்போது தேதி, மருத்துவமனை, வார்டு போடுங்கள், கிடைத்துவிட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். எப்போதோ குணமாகிப் போன ஒரு குழந்தைக்காக ஆட்கள் வருடக்கணக்கில் எங்களுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்கள். எந்த வங்கியில் என்ன இருப்பு என்று இ-ரக்த்கோஷ் தளத்தில் பார்க்கலாம்.

ஈரோடு: சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். வயது 52.

மாத்திரையில் சர்க்கரை கட்டுக்குள் இருந்து, கடைசி நாலு வாரத்தில் மாத்திரை மாறவில்லை என்றால் கொடுக்கலாம். இன்சுலின் போட்டால் கூடாது. பிரஷர் அன்றைக்கு 140/90-ஐத் தாண்டக் கூடாது. மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள், மறைக்காதீர்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: ஒரு தவறு செய்துவிட்டேன். எச்.ஐ.வி. இருக்குமோ என்று பயம். பரிசோதனை மையத்துக்குப் போகக் கூச்சம். ரத்தம் கொடுத்தால் அவர்களே பார்த்துவிடுவார்கள் அல்லவா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தொற்று ஏற்பட்ட முதல் சில நாட்களில் எந்தப் பரிசோதனையிலும் தெரியாது. ஆனால் ரத்தத்தில் கிருமி இருக்கும். அந்த இடைவெளியில் கொடுத்தால் பை 'நல்லது' என்று ஃப்ரிட்ஜுக்குப் போய், பிறகு ஒருவர் உடம்புக்குள் போகும். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று ஒன்று இருக்கிறது. இலவசம், ரகசியம். அங்கே போங்கள். இப்போதெல்லாம் மாத்திரை எடுத்தால் நீண்ட ஆயுளோடு வாழலாம், பயந்து ஒளிய வேண்டியதில்லை.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது தெரிந்து தமிழ்நாடே அதிர்ந்தது. அதில் பிழை மருத்துவத் துறையினுடையது. ஆனால் விஷயம் வெளியே வந்ததே, கொடுத்த இளைஞர் வேறு ஒரு பரிசோதனையில் தனக்கு இருப்பது தெரிந்ததும் தானாக வந்து சொன்னதால்தான். அவர் அதன்பின் உயிரையே மாய்த்துக்கொண்டார். இன்றும் அந்தப் பையனை நினைத்தால் மனசு கனக்கும். கொடுத்துவிட்டுப் போன பிறகு உங்களுக்கு ஏதாவது உறுத்தினால், வங்கிக்கு ஒரு போன் போட்டுப் பை எண்ணைச் சொல்லி, "அதைப் பயன்படுத்த வேண்டாம்" என்றால் போதும். யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள்.

யாழ்ப்பாணம்: இங்கே ஆண்களுக்கும் நாலு மாதம் என்கிறார்கள், நீங்கள் மூன்று மாதம் என்கிறீர்கள். எது சரி?

உங்களுக்கு உங்கள் ஊர்க் கணக்குத்தான் சரி. இலங்கையில் நாலு மாதம். அதில் உங்களுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. 2014-லேயே முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையாளர்களை வைத்தே தேவையைச் சமாளிக்கும் நிலைக்கு இலங்கை வந்துவிட்டது. "ஒரு பை வேண்டுமென்றால் ஒரு ஆளைக் கூட்டி வா" என்று இங்கே நோயாளி வீட்டாரை விரட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு உங்கள் ஊர் மேல் பொறாமைதான்.

மதுரை மாணவர் மறுபடி: நன்றி அக்கா, போகிறேன். கடைசியாக ஒன்று. நீங்கள் எத்தனை முறை கொடுத்திருக்கிறீர்கள்?

31. பெரும்பாலும் ட்யூட்டி முடிந்த பிறகு, எங்கள் வங்கியிலேயே. 32-ஆவது முறை, வயது 56. கட்டிலைத் துடைத்து, பந்தைக்கூட எடுத்து வைத்துவிட்டு, விரலை நீட்டினேன். கூட வேலை பார்த்த பெண் சொட்டை விட்டாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். நீலத் தண்ணீரின் நடுவில் அது அப்படியே நின்றது. "அக்கா, மிதக்குது" என்றாள் மெதுவாக, என்னமோ அவள் தப்பு மாதிரி. மாத்திரை, முருங்கைக்கீரை, டீயை நிறுத்தியது எல்லாம் சேர்த்து ஐந்து மாதம் ஆனது. திரும்பப் போட்டபோது நேராக அடிக்குப் போனது. அதன்பிறகு கொடுத்ததைக் கணக்கில் எழுத மறந்துவிட்டேன்.